துளசிமணிக்கு ஒரு டச்சப்

அந்த நோட்டீஸை மடிச்சுப் பாக்கெட்டுல வெக்காதீங்க தம்பி. பாக்கெட்டுல வெச்சா ஊட்டுக்குப் போயி சம்சாரத்துகிட்டக் காட்டுவீங்க. அந்தப் புள்ளயும் போலாம்னு ஆசைப்படும். அப்புறம் சனிக்கிழமை ஆனா என்னையாட்ட இந்த பெஞ்சுல வந்து உக்காந்துக்குவீங்க. வேண்டாமுங்க. அந்தக் குப்பைக்கூடைல போட்டுட்டு வாங்க.

சித்தத் தள்ளி உக்காருங்க, அங்க ஈரமா இருக்குது. சம்சாரம் உள்ள டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்குதுங்களா? முதல் தடவையா? அதான் மூஞ்சில தெரியுது. பயப்படாதீங்க. டாக்டரு நல்ல மனுசன். நர்சுங்க தங்கமானவங்க. இந்த ஆஸ்பத்திரில எனக்கு ஆரு மேலயும் வருத்தமில்லீங்க. என்ற வருத்தமெல்லாம் அதா தெரியுது பாருங்க, பழைய கேன்டீன் கட்டடம், நீலக் கதவு, அதுக்குள்ள நடக்கறது மேலதான். நோட்டீஸ் அங்கிருந்துதான் வருது. என்ன போட்டிருக்குது? 'நோயிலிருந்து மீண்டவர்களும் குடும்பத்தினரும் வண்ணத்தாலும் இசையாலும் மனம் திறக்க'. அதுவும் மஞ்ச மேல வெள்ளை எழுத்து. ஆராவது மஞ்ச மேல வெள்ளை போடுவாங்களா? இவங்க வெவரம் அதுலயே தெரியலீங்களா?

எனக்கு அது உடனே கண்ணுல படும், ஏன்னா நம்ம தொழிலே அதுதான். கோபில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை. குமரேசன் கடைன்னா ஆரும் வழி சொல்லுவாங்க. கல்யாணம், காதுகுத்து, சீரு, கட்சிக்கூட்டம், கண்ணீர் அஞ்சலி, அல்லாத்துக்கும் நம்மகிட்டத்தான் வரோணும். இருவது வருஷமா என்ற கைக்கு வந்த போட்டோ எதுவும் அழகில்லாம வெளிய போனதில்லீங்க. வழுக்கைக்கு முடி வெப்பேன். பல்லு போனவங்களுக்குப் பல்லு வெப்பேன். ஒருக்கா ஒரு பெரியவரு தவறிப்போயிட்டாரு, ஊட்டுல ஒரு போட்டோ இல்லை, ஆதார் கார்டு மட்டும் கொண்டாந்தாங்க. அதுல இருந்த மூஞ்சியை எடுத்து நான் சிரிக்க வெச்சேன். அவரு மகன் பார்த்துட்டு, "எங்கப்பன் உசுரோட இருக்கறப்ப ஒரு நாளும் இப்பிடிச் சிரிச்சதில்லீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். எங்க தொழில்ல இதுக்கு டச்சப்னு பேரு. ஆரையும் ஏமாத்தற வேலை இல்லீங்க. பார்க்கறவங்க மனசு சந்தோஷப்படற வேலை.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் செஞ்சது தப்பா சரியான்னு நீங்களே முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இங்க ஒருத்தரும் என்ற பக்கத்தைக் கேக்கலீங்க. அந்த ரெஜினா மேடம், அதான் இந்தப் படம் வரையற வகுப்பை நடத்தறது, அதுகூடக் கேக்கலை. மனசைத் தொறக்கச் சொல்றவங்க, என்ற மனசை மட்டும் ஒருத்தரும் தொறக்கச் சொல்லலை.

என்ற சம்சாரம் பேரு துளசிமணி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இடது மாருல கட்டி. அந்த நோவுதான், பேரு எதுக்கு. மாரை எடுத்துப்போட்டாங்க. அப்புறம் கீமோ, அதுக்கப்புறம் கரண்டு வெச்சாங்க, அதான் ரேடியேசன். அந்த ஒரு வருஷம் நான் அவளைப் பார்த்துக்கிட்டதாட்ட எங்கூர்ல எந்தப் புருஷனும் பார்த்திருக்க மாட்டான். கஞ்சி வெச்சேன், துணி தொவச்சேன், வாந்தி எடுத்தா பக்கெட்டுப் புடிச்சேன். இளநி ஒத்துக்குதுன்னா, விடியறதுக்குள்ள சைக்கிள்காரனை நிறுத்தி வாங்கி வெச்சுருவேன். மத்தியானம் கடையைச் சாத்திட்டு ஓடியாந்து மாத்திரை குடுத்துட்டு ஓடுவேன். கேட்டுப் பாருங்க, அவளே சொல்லுவா. இப்ப சொல்லுவாளோ என்னமோ.

வெளிய ஒருத்தருக்கும் தெரிய விடலீங்க, அதுதான் பெரிய காரியம். அப்பத்தான் என்ற பொண்ணு அபிநயாவுக்கு ஜாதகம் எடுத்திருந்தோம். அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு ஒருத்தன் சொல்லிப்போட்டான்னா எந்த மாப்பிள்ளை ஊட்டுல படியேறுவாங்க? கர்ப்பப்பை எடுத்திருக்குதுன்னு சொல்லிட்டேன். அது அல்லா ஊட்டுலயும் நடக்கறதுதானுங்களே, ஆரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. அவ கூடப்பொறந்த தங்கச்சிக்கே அதைத்தான் சொன்னேன். அந்தப் புள்ள பார்க்க வரேன் வரேன்னு அழுதுது. "இன்ஃபெக்சன் ஆயிரும், டாக்டரு ஆரையும் விட வேண்டாம்னுட்டாரு"ன்னு சொல்லி நிறுத்திப்போட்டேன். துளசி போனையும் நாந்தான் வெச்சிருந்தேன். "சரிங்க"ன்னா. அவ எதுக்கும் சரிங்கதான். இருவத்தேழு வருஷமா எங்க குடும்பம் அந்தச் சரிங்கலதான் ஓடுச்சு.

முடி கொட்டுனதுக்கு விக் வாங்கிக் குடுத்தேன், நல்ல முடில செஞ்சது. மாருக்கு வெக்கற சிலிக்கான்ல ஒண்ணு சென்னைல கிடைக்குதுன்னு கேள்விப்பட்டு, கூரியர்ல வரவழைச்சேன். கடைக்காரன்கிட்ட போன்ல அளவு சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சம் தெரியுங்களா? அவளுக்காகச் சொன்னேன். காலிங் பெல் அடிச்சாப் போதும், "ஏம்புள்ள, மாட்டிக்க, மாட்டிக்க"ன்னு ரெண்டையும் எடுத்துட்டு நாந்தான் ஓடுவேன். கேஸ் சிலிண்டர்காரன் வந்தாக்கூட.

இன்னொண்ணு சொல்றேன், உங்களுக்கும் நாளைக்கு ஆகும். ஆஸ்பத்திரில இருந்து ஊட்டுக்குக் கூட்டியாரதுக்கு மொதல் நாளே பீரோக் கண்ணாடியைக் கழட்டிப் பரண் மேல போட்டுட்டேன். அவ பார்த்து நொந்துக்கக் கூடாதில்லீங்களா? நானும் பார்க்கலை. ரெண்டு வருஷத்துல ஒருக்காக்கூட அந்தப் பக்கம் என்ற கண்ணு போனதில்லீங்க. அவ துணி மாத்தறப்ப நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவேன். சொல்லுங்க, எத்தனை ஆம்பளைக்கு அந்த மரியாதை வரும்?

பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடந்துது. மண்டப வாசல்ல நான் வெச்ச ஃப்ளெக்ஸை எங்கூர்ல இன்னும் பேசறாங்க. நானும் துளசியும் பொண்ணு மாப்பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் நின்னு கும்பிடறாப்பல. அப்ப அவளுக்கு முடி அரை வெரலு மொளச்சிருந்துது, மூஞ்சி ஊதியிருந்துது. அதையெல்லாம் வெக்க முடியுங்களா? பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோல இருந்து தலையை எடுத்தேன். உடம்புக்கு, நம்ம கம்ப்யூட்டர்ல பட்டுச்சேலை கட்டின உடம்பு ஒண்ணு தயாரா இருக்கும். வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் அதுல தலை மட்டும் மாத்துவோம். அதை வெச்சேன். மகாலட்சுமியாட்ட இருந்துது. துளசி அதுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, "ஆருங்க அது?"ன்னா. "நீதான் புள்ள"ன்னேன். சிரிச்சா. சந்தோஷத்துல சிரிக்கறான்னு நினைச்சேன். சந்தோஷந்தானுங்களே? வேற எதுக்குச் சிரிக்கப் போறா.

கல்யாணம் முடிஞ்சு மறுமாசம் செக்கப்புக்கு வந்தோம். அப்பத்தான் ஒரு நர்சு இந்த நோட்டீஸைக் குடுத்துது. துளசி அதை வாங்கி, அங்கயே நின்னு ரெண்டு தடவை படிச்சா. "ஏனுங்க, நான் இதுக்குப் போகட்டுங்களா?"ன்னா. இருவத்தேழு வருஷத்துல அவளா வாயைத் தொறந்து ஒண்ணு வேணும்னு கேட்டது அதுதான். நான் எப்பிடி வேண்டாங்கறது? அப்ப சொன்ன சரிக்கு இப்ப அனுபவிக்கறேன்.

சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு மணி நேரம். உள்ள என்ன பண்றாங்கன்னு ஜன்னல்ல பார்த்தேன். களிமண்ணை உருட்டறாங்க. தகர டின்னைக் கவுத்துப் போட்டுத் தட்டறாங்க. ஒருத்தர் ஒரு வரி சொல்ல, அடுத்தவங்க அதுல இன்னொரு வரி சேர்த்துப் பாட்டாக் கட்டறாங்க. அம்பது வயசுப் பொம்பளைங்க பால்வாடிப் புள்ளைங்களாட்ட தரைல உக்காந்துட்டு. சரி, பொழுது போனாச் சரின்னு விட்டேன்.

ஒரு நாளு உள்ளருந்து ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தா, கரூர்ல இருந்து வர்ற சலீமாக்கான்னு ஒண்ணு, அதுக்கும் இதே நோவுதான், துளசி விக்கைத் தன்ற தலைல மாட்டிட்டு மைக் புடிச்சாப்பல மேடைப்பேச்சுப் பேசிட்டிருக்குது. "என் அருமை முடியில்லாப் பெருமக்களே"ன்னு. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. துளசி தலைல ஒண்ணுமில்லாம, மொட்டைல அரும்பின முடியோட, வவுத்தைப் புடிச்சுட்டு சிரிக்கறா. கண்ணுல தண்ணி. எங்கூட ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்லீங்க. எனக்கு வவுறெரிஞ்சுது. மறைக்கறதுக்கென்ன, வவுறெரிஞ்சுது. அவளுக்குப் பக்கெட்டுப் புடிச்சது நானு, சிரிப்பு மட்டும் சலீமாக்காவுக்கா?

ஊட்டுக்கு வந்தா அவ விக்கை எடுத்துக் கொடில மாட்டிட்டா, ஈரத் துணியாட்ட. பெல் அடிச்சா அப்பிடியே போயிக் கதவைத் தொறந்தா. தங்கச்சிக்குப் போன் போட்டு அல்லாத்தையும் சொல்லிப்போட்டா. அந்தப் புள்ள என்னை இன்னும் மாமான்னு கூப்பிடலை. எதுக்குடி சொன்னேன்னு கேட்டதுக்கு, "சொல்லாம இருந்து இருந்து தொண்டை வலிக்குதுங்க"ன்னா. தொண்டை வலின்னா டாக்டர்கிட்டக் காட்டலாம்னு சொன்னேன்.

அப்புறம் வந்துது குடும்ப நாள்னு ஒண்ணு. ஊட்டுக்காரங்களும் உள்ள வரோணுமாம். சரி, நம்மளையும் மதிச்சுக் கூப்பிட்டாங்களேன்னு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன். படம் வரையறதுக்குப் பெரிய பேப்பர் இல்லைன்னாங்க, கடைல இருந்து ஒரு ரோலு நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். பேப்பரைத் தரைல விரிச்சு, நோவு வந்தவங்க அது மேல படுத்துக்கோணும். கூட வந்தவங்க மார்க்கரை எடுத்து, ஆளைச் சுத்தி ஒரு கோடு இழுக்கோணும், தலைல இருந்து காலு வரைக்கும். எந்திரிச்சா ஆளு அளவுக்கே ஒரு உருவம் இருக்கும். அதுக்குள்ள அவங்கவங்க எங்க வலிக்குது, எங்க கோவம் இருக்குது, எங்க தெம்பு இருக்குதுன்னு கலர் அடிச்சுக்கோணும். இதுதான் அன்னிக்கு வேலை.

கோடு இழுக்கறது எனக்குச் சொல்லித் தரோணுங்களா? மத்தவங்க கை நடுங்கி நடுங்கி வரையறாங்க, நான் ஒரே இழுப்புல போறேன். துளசி கண்ணை மூடிப் படுத்திருந்தா. மார்க்கர் இடுப்புகிட்டப் போறப்ப அவளுக்குக் கூச்சம் வந்து நெளிஞ்சா. எனக்கும் ஒரு மாதிரி இருந்துதுங்க. அத்தனை கிட்டத்துல அவகிட்ட உக்காந்து எத்தனையோ நாளாயிருந்துது.

அவ இடது கை வீங்கியிருக்கும். ஆபரேஷன்ல அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்ததுல வந்த வீக்கம், வலது கையைவிட ஒண்ணரைப் பங்கு. பஸ்ல ஆளுங்க பார்க்கக் கூடாதுன்னு அவளுக்கு முழுக்கை ஜாக்கெட்டாத்தான் தெச்சுக் குடுத்திருக்கேன். அந்தக் கையைப் போயி அப்பிடியே வரைய மனசு வருங்களா? அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுட்டு, அவ எந்திரிச்சதுக்கப்புறம் வலது கைக்கு அளவெடுத்து, அதையே இந்தப் பக்கமும் போட்டேன். தலைக்கு ஒரு கொண்டையும் போட்டு முடிச்சேன். அந்த ரூம்ல இருந்த படத்துலயே அதுதானுங்க அழகு. ரெஜினா மேடம்கூட வந்து நின்னு பார்த்துது.

துளசி நின்னு பார்த்தா. அப்புறம் குனிஞ்சு, அவ இடது கையை அந்தக் கோட்டுக்குள்ள வெச்சுப் பார்த்தா. ரெண்டு பக்கமும் சதை வெளிய வந்துது. இன்னொருக்கா நகத்தி வெச்சுப் பார்த்தா. "இதுக்குள்ள நான் அடங்க மாட்டனுங்க"ன்னா. கோவமாச் சொல்லலை. காய்கறிக் கடைல இந்தப் பை பத்தாதுங்கன்னு சொல்றாப்பலச் சொன்னா. அந்தப் பேப்பரைச் சுருட்டி ஓரமா வெச்சுட்டு, ரோல்ல புதுசா ஒண்ணு கிழிச்சு விரிச்சு, சலீமாக்காவைக் கூப்பிட்டா. என்ற கண்ணு முன்னாலயே. நான் குடுத்த ரோலு, நான் கட்டின பொண்டாட்டி, கோடு இழுக்கறது சலீமாக்கா. வெளிய வந்து இந்த பெஞ்சுல உக்காந்தேன். அன்னிக்கிருந்து இதுதான் என்ற எடம்.

அந்தப் படத்தை அவ நாலு வாரம் கலர் அடிச்சா. முடிஞ்சதும் ரெஜினா மேடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுச்சு. இடது கை தூணாட்டப் பெருசா, முழுக்கச் செவப்பு. தலைல குச்சி குச்சியா முடி. காலு ரெண்டும் பச்சை, அதுல வேரு போறாப்பல. இடது மாரு இருந்த எடத்துல தழும்பு ஒரு நீளக் கோடு. அந்தத் தழும்பு மேல, இத்தனூண்டு, ஒரு ஆளு முதுகைக் காட்டிட்டு சுவத்தைப் பார்த்து நிக்கறான். பனியன் போட்டிருக்கான், தோள்ல துண்டு. மூஞ்சி இல்லை. மூஞ்சி வரையத் தெரியாதுங்களே அவளுக்கு, அதான் முதுகா வரைஞ்சுட்டா. "இது ஆருன்னு தெரியுதுங்களா?"ன்னு மேடம் கேட்டுது. "டாக்டருங்களா?"ன்னேன். மேடம் படத்தைச் சுருட்டி வெச்சுது. டாக்டரு எதுக்குப் பனியனோட நிக்கறாருன்னு எனக்கும் அப்புறந்தான் தோணுச்சு. அதை மேல யோசிக்கலை, எனக்கு வேற கவலை.

என்ன கவலைன்னா, அந்தப் படங்களையெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு ஒரு நாளு கண்காட்சி நடத்தறாங்களாம். பேரோட. ஊரோட. என்ற சம்மந்தி ஊடு இங்கிருந்து ரெண்டே ஸ்டாப்பு. அந்தம்மா முழங்கால் வலிக்கு இதே ரோட்டுலதான் வைத்தியத்துக்குப் போகும். துளசிகிட்ட, "உன்னுது மட்டும் வேண்டாம்னு சொல்லு"ன்னேன். "நான் சொல்ல மாட்டனுங்க"ன்னா. நான் சொன்னதுக்கு அவ மாட்டேன்னது அதுதான் மொதல் தடவை. அபிநயாவுக்குப் போன் போட்டு, "நீயாவது சொல்லு அம்மிணி"ன்னேன். "அம்மா இஷ்டம்ப்பா"ன்னு வெச்சுட்டா. ஆருக்காக இத்தனையும் மறைச்சனோ, அவ.

மழைக்காலம், வாசல்ல பேப்பர் நனைஞ்சுரும், ஃப்ளெக்ஸ்ல அடிச்சாத் தேவலைன்னு மேடம் ஒரு நாளு சொல்லிட்டிருந்துது. நான் எந்திரிச்சு, "நம்ம கடைல நான் அடிச்சுத் தரேங்க, என்ற செலவு"ன்னேன். துளசி என்னை நிமுந்து பார்த்தா. அந்தப் பார்வை நல்லா இருந்துதுங்க. ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா இருந்துது. பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தா. கடலை மிட்டாய் வாங்கி எனக்கும் பாதி குடுத்தா.

பன்னண்டு பேரோட படத்தையும் மேடம் போட்டோ எடுத்து அனுப்பிச்சுது. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். மத்த பதினொண்ணுல ஒரு புள்ளி தொடலீங்க, சத்தியமா. பன்னண்டாவது என்ற துளசி. தொறந்து வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எப்பிடியிருந்தவ? இதைத்தான் ஊரு பார்க்கோணுமா? மொதல்ல பேரை எடுத்தேன். அதோட நிறுத்தலாம்னுதான் இருந்தேன். கை சும்மா இருக்கலை. வீங்கின கையை மெலிசாக்குனேன். செவப்பைத் தோல் கலராக்குனேன். முடியை நீட்டுனேன். பழைய போட்டோல இருந்து அவ மூஞ்சியை எடுத்து வெச்சேன். தழும்பை மூடி, ரெண்டு பக்கமும் ஒண்ணாட்ட சரி பண்ணுனேன். அந்த ஆளையும் அழிச்சுட்டேன், ஆருன்னே தெரியாத ஒருத்தன் அங்க எதுக்கு நிக்கோணும்? முடிச்சுப் பார்த்தா, கல்யாணமாயி எங்கூட்டுக்கு வந்தப்ப இருந்தாளே, அவதான் நின்னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. இதைவிட ஒருத்தன் பொண்டாட்டிக்கு என்ன செய்ய முடியும்?

கண்காட்சி அன்னிக்குக் காலைல நாந்தான் ஃப்ளெக்ஸைக் கொண்டாந்து கட்டுனேன். பன்னண்டு பொம்பளைங்க வரிசையா. பதினோரு பேருக்குத் தழும்பு, மொட்டை, வீக்கம், கருப்பு, செவப்பு. கடைசில ஒருத்தி சோப்பு விளம்பரத்துல வர்றாப்பல. கட்டி முடிச்சு எட்ட நின்னு பார்த்தப்பத்தான் எனக்கே சித்த ஒரு மாதிரி இருந்துது. தனியாப் பார்க்கறப்ப அது தெரியலீங்க.

சலீமாக்காதான் மொதல்ல வந்துது. பார்த்துட்டு, "அட, துளசிக்கு மட்டும் குணமாயிருச்சாட்ட இருக்குது"ன்னுது. அதுக்குப் பின்னால துளசி. படம் வரைஞ்சவங்க அத்தனை பேரும் வந்து அவங்கவங்க படத்துக்கு முன்னால நிக்கறாங்க, ஊட்டு ஆளுங்க செல்போன்ல போட்டோ எடுக்கறாங்க. இவ படத்துக்கு முன்னால போயி நின்னா. நெஞ்சுகிட்ட, அந்த ஆளு இருந்த எடத்துல, வெரலை வெச்சுத் தடவிப் பார்த்தா. வழவழன்னு இருந்திருக்கும். என்ற பக்கம் திரும்பவே இல்லை. மேடம்கிட்ட, "ஒரு கத்திரி குடுங்க"ன்னா.

நான் ஓடிப்போயி, "ஏம்புள்ள, கூட்டமா இருக்குது, பேசாம பொட்டாட்ட இரு"ன்னேன். காதுல வாங்கலை. குனிஞ்சு, கீழ இருந்து வெட்ட ஆரம்பிச்சா. காலு, இடுப்பு, கை, நான் போட்ட முடி, ஒரு எடத்துலயும் கோடு தப்பலை. அத்தனை பேரும் பார்த்துட்டு நிக்கறாங்க, ஒருத்தரும் தடுக்கலை. ஆளு அளவுக்கு வெட்டி எடுத்து, சுருட்டி, முந்தானைல ஒரு தடவை தொடச்சு, கையிடுக்குல வெச்சுக்கிட்டா. அந்தப் பன்னண்டாவது எடத்துல ஆளு உருவத்துல ஓட்டை. அது வழியா அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு தெரிஞ்சுது. மேடம் ஃப்ளெக்ஸை மாத்தலை, அன்னிக்குப் பூராவும் அப்பிடியே விட்டுருச்சு. வந்தவங்கெல்லாம் அந்த ஓட்டையைத்தான் ரொம்ப நேரம் நின்னு பார்த்தாங்க. என்ற தொழில்ல இத்தனை வருஷத்துல எனக்கு அந்த மாதிரி அவமானம் நடந்ததில்லீங்க.

சாயங்காலம் ஊட்டுக்கு வந்ததும், கட்டில்ல அவ படுக்கற பக்கத்துல அந்தச் சுருளை விரிச்சா. தலகாணியை எடுத்து அதுக்குத் தலைக்கு வெச்சா. போர்வையைக் கழுத்து வரைக்கும் போத்தி விட்டா. "உங்களுக்குப் புடிச்சவ. இவகூட இருந்துக்குங்க"ன்னா. பாயை எடுத்துட்டு ஹாலுக்குப் போயிட்டா. ரெண்டு மாசமாச்சு. இன்னும் அங்கதான் கெடக்குது அது. எடுத்து வீசவும் முடியலீங்க, அது துளசி மூஞ்சி. பக்கத்துல படுக்கவும் முடியலை. பொரண்டாச் சரக்கு சரக்குன்னு சத்தம் வருது.

சமையல் பண்ணறா. துணி தொவைக்கறா. கேட்டா பதில் சொல்றா. அவ்வளவுதான். சனிக்கிழமை மட்டும் நானே கூட்டிட்டு வர்றேன். பஸ்ல அவ முன்னால, நான் பின்னால. அங்க இறங்கி நீலக் கதவுக்குள்ள போயிருவா. நான் இங்க. உங்களை மாதிரி ஆராவது புதுசா நோட்டீஸோட வந்தா, போகாதீங்கன்னு சொல்றேன்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் தாங்க முடியாமப் போயிக் கேட்டேனுங்க. "துளசி, அந்த ஃப்ளெக்ஸை எடுத்துரட்டுமா?"ன்னு. அவ ரூம்ல துணி மடிச்சுட்டிருந்தா. மடிச்சதை ஓரமா வெச்சா. எந்திரிச்சுப் போயி ஜன்னல் ரெண்டு கதவையும் தொறந்து வெச்சா. நல்ல வெயிலு உள்ள வந்துது. வந்து என்ற முன்னால நின்னு, ஜாக்கெட்டுக் கொக்கியை ஒண்ணொண்ணாக் கழட்டுனா. "பாருங்க. ஒருக்காப் பார்த்துட்டு அப்புறம் அதை எடுத்துப் போடுங்க"ன்னா.

நான் காலண்டரைப் பார்த்தேனுங்க. அன்னிக்கு நல்ல நேரம் எத்தனை மணில இருந்து எத்தனை மணி, சூலம் எந்தத் திசை, அல்லாத்தையும் படிச்சேன். அவ நின்னுட்டே இருந்தா. "டாக்டரு பார்த்தாரு. நர்சு பார்த்துது. சலீமாக்கா பார்த்துது. என்ற தங்கச்சி வந்து பார்த்துட்டு முத்தங்குடுத்துட்டுப் போனா. நீங்க தொடக்கூட வேண்டாமுங்க, பார்த்தாப் போதும்"ன்னா.

என்னால முடியலீங்க. மரியாதைன்னு உங்ககிட்டச் சொன்னனே, அதையேதான் அவகிட்டயும் சொன்னேன். உன்ற மனசு நோகக் கூடாதுன்னு பார்க்கறேன் புள்ளன்னேன். அவ கொக்கியைப் போட்டுக்கிட்டா. "கட்டுப் பிரிச்ச அன்னிக்கும் என்ற மனசுக்காகத்தான் போனீங்களா?"ன்னு கேட்டா. அத்தோட துணி மடிக்க உக்காந்துட்டா.

அந்தக் கேள்வி இந்த வாரம் பூரா என்ற கூடவே வருதுங்க. கடைல ஆராவது மூஞ்சியைத் தொறந்து வெச்சு மவுஸைப் புடிச்சாலும் அதுதான்.

உங்க சம்சாரத்துக்கு ஆபரேஷன் எப்பங்க தம்பி? வர்ற பதினெட்டா? அப்ப இருவத்தஞ்சு இருவத்தாறு வாக்குல கட்டுப் பிரிப்பாங்க. காலைலயே வந்துருவாங்க. ஸ்க்ரீனை இழுத்து விட்டுட்டு நர்சு உங்களைப் பார்த்து, உள்ள இருக்கறீங்களா, வெளிய இருக்கறீங்களான்னு கேக்கும். என்னையும் கேட்டுது. துளசி என்ற சட்டை நுனியைப் புடிச்சுக்கிட்டா. இறுக்கிப் புடிச்சிருந்தா. நான் அவ வெரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டு வெளிய போயி, ஒரு டீ சொன்னேன். வடை இப்பத்தான் எடுத்துதுன்னான். அதுலயும் ரெண்டு வாங்கித் தின்னேன்.